கரையாத பொம்மை

செல்வநாயகியின் மடியில் இருந்த டிபன் டப்பாவுக்குள் சாப்பாடு இல்லை. ஈரத்துணியில் சுற்றிய மண் பொம்மை ஒன்று இருந்தது. கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் காவியாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னியக்கூட சின்ன வயசுல இப்படி அலுங்காம தூக்கியிருக்க மாட்டம்மா நீ."

"வாய மூடிக்கிட்டு வாடி."

"பசிக்குதும்மா. எறங்கனதும் ஒரு டீயாவது வாங்கிக் குடு."

"சாமியப் பாத்துட்டுத்தான் எல்லாம். மாத்திரைக்குத் தண்ணி குடிச்சல்ல, அது போதும்."

காவியா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பயணத்தில் துளி நம்பிக்கை கிடையாது. வரமாட்டேன் என்றால் அம்மா மூன்று நாளைக்குச் சோறு தின்னமாட்டாள், அதனால் வந்தாள்.

செல்வநாயகி விருத்தாசலத்துக்கு நல்லூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் அர்ச்சுனனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பகல் ஷிப்ட்டா, ராத்திரி ஷிப்ட்டா என்று அவனுக்கே தெரியாது. குழந்தை பிறந்து முகம் பார்க்க ஆரம்பித்ததும் இவள் செராமிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் பீங்கான் பட்டறைக்கு அதுதான் பேர். அச்சில் பீங்கான் கூழை ஊற்றுவது, இறுகியதும் அச்சைப் பிரிப்பது, ஒட்டுவாயில் பிசிறு இருந்தால் ஈரப் பஞ்சால் தடவி எடுப்பது. கொலு வரும் காலத்தில் பிள்ளையார், செட்டியார், கல்யாண கோஷ்டி. மற்ற நாளெல்லாம் கரண்ட்டு கம்பத்துக்குப் போகிற ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும். சாயங்காலம் பஸ் ஏறும்போது முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். கண்டக்டர் பார்த்ததும் எந்த ஸ்டாப்பிங் என்று கேட்கமாட்டார்.

வாய் கொஞ்சம் நீளம். டீ தண்ணியாக இருந்தால் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போவாள், பக்கத்து மேசைக்காரி பிள்ளையாருக்குத் தும்பிக்கையைக் கோணலாக ஒட்டிவிட்டால் தானே எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு அதற்கும் திட்டு வாங்குவாள். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஆனால் தன் விரலைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் வினையாகப் போயிற்று.

காவியா நாலாவது படிக்கும்போது ஸ்கூலில் காலைப் பிரார்த்தனை வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்தாள். வாயில் நுரை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஃபிட்ஸ் என்று சொன்னார்கள். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வேளை தவறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அர்ச்சுனன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். இன்றுவரை தவறியதில்லை. நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷன், போன் போட்டால் முதலில் கேட்பது, "மாத்திர போட்டாச்சா?"

செல்வநாயகிக்கு மாத்திரையோடு மனசு அடங்கவில்லை. எந்தத் தாய்க்குத்தான் அடங்கும்? கருவேப்பிலங்குறிச்சியில், அந்தக் காலத்து ஜமீன் மாதிரி இருந்த மிட்டாதார் குடும்பத்தின் பங்களாக் காட்டில் காட்டாயி என்ற சாமி இருந்தாள். கோயில் கிடையாது, சிலை கிடையாது. இலுப்பை மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைக்குச் சீக்கு என்றால் ஏரி மண்ணைக் குழைத்து, பிள்ளை மாதிரி ஒரு பொம்மை பிடித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கொண்டுபோய் அந்த மரத்தடியில் வைத்துவிட்டு வரவேண்டும். சுடக்கூடாது, பச்சை மண்ணாகவே வைக்கவேண்டும். மழை பெய்யப் பெய்ய பொம்மை கரையும், பொம்மை கரையக் கரைய பிள்ளையின் சீக்கும் கரையும். பங்களாக்காரர்களும் அதற்குக் குறுக்கே நின்றதில்லை. பின்பக்கம் முள்வேலியில் ஒரு சந்து விட்டே வைத்திருந்தார்கள்.

எல்லாப் பெண்களும் மண்ணை உருட்டி, தலை ஒன்று, உடம்பு ஒன்று, கண்ணுக்கு இரண்டு குச்சிக் குத்து என்று பிடித்து வைத்துவிட்டு வந்தார்கள். செல்வநாயகிக்கு அது பொறுக்கவில்லை. ஊரான் வீட்டுக் கொலுவுக்கெல்லாம் மூக்கும் முழியுமாகச் செய்கிற கை, தன் பிள்ளைக்கு ஒரு மண்ணாங்கட்டியையா உருட்டி வைக்கும்? பட்டறையில் ஒரு சிறுமி அச்சில் கூழை ஊற்றி எடுத்தாள். முகத்தை வழித்துத் தன் பிள்ளையின் முகமாக்கினாள். ரெட்டை ஜடை போட்டாள். மோவாயில் இருக்கும் மச்சத்தையும் விடவில்லை. சூளை அடுக்குகிற ஆளிடம் கெஞ்சி ஒரு மூலையில் வைக்கச் சொல்லி, சுட்டு, மெருகேற்றி, யூனிஃபாரத்துக்கு நீலம் தீட்டி எடுத்து வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் காவியாவே குறுகி நிற்கிறாள் என்றார்கள். பூரித்துப் போய்க் கொண்டுபோய் வைத்தாள்.

அடிப் பாவி மகளே! பீங்கான் என்றைக்காவது மழையில் கரையுமா? மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதானே ஊரே இன்சுலேட்டர் செய்து லாரி லாரியாக ஏற்றுகிறது? அதிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு அது தோன்றவில்லை. பிள்ளையின் மேல் இருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கூட இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை என்பதுதான் அதைவிட வேடிக்கை.

வைத்துவிட்டு வந்தவர்கள் பிள்ளைக்குக் குணமாகும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது. இவளும் பார்க்கவில்லை. பிறகு பங்களா வாரிசுகளுக்குள் கேஸ் வந்து, வேலிச் சந்தை அடைத்து மதில் எழுப்பிவிட்டார்கள். காவியாவுக்கு இழுப்பு வந்து போய்க்கொண்டிருந்தது. வளர வளரக் குறைந்தது. காலேஜ் படிப்பு முடிகிற சமயத்தில் சுத்தமாக நின்றே போனது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. தீபாவளி கழித்துச் சேரவேண்டும், ஹாஸ்டலில் தங்கவேண்டும். வீடே சந்தோஷத்தில் இருந்தபோது, போன மாதம் பாலக்கரை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவள் மறுபடி விழுந்தாள். தரையில் பட்டு உதடு கிழிந்தது.

டாக்டர் மாத்திரை அளவை ஏற்றிக் கொடுத்து, வேலைக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். காவியா துணியெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். செல்வநாயகிக்குத்தான் தூக்கம் போயிற்று. இங்கே விழுந்தால் ஐயோ என்று ஓடிவர ஊரே இருக்கிறது. அங்கே விழுந்தால் யார் பிடிப்பார்கள்? ரோட்டில் விழுந்தால்? ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறபோது வந்தால்?

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறையில் வீராயி சொன்னாள். வீராயி கருவேப்பிலங்குறிச்சிக்காரி, பக்கத்து மேசை. "மிட்டாதார் பங்களாவ இப்ப தொறந்து வுட்டுட்டாங்கக்கா. டிக்கெட்டு வாங்கிக்கிட்டு யாரு வேணா போயி சுத்திப் பாக்கலாமாம். காட்டாயி மரத்தடியில ஒரு பீங்கான் பொம்ம கரையாம அப்படியே நிக்குதுன்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்க."

செல்வநாயகியின் கையில் இருந்த அச்சு நழுவி விழுந்து இரண்டாகப் போயிற்று. மேஸ்திரி கத்தினான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. சீக்கு ஏன் போகவில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பொம்மை நிற்கிறவரை அதுவும் நிற்கும். எப்படியாவது அதை எடுத்துவிட்டுப் பச்சை மண் பொம்மையை வைத்துவிட வேண்டும். ஐப்பசி பிறக்கிறதுக்குள், பிள்ளை ஊருக்குக் கிளம்புகிறதுக்குள்.

அதனால்தான் இந்தப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை, இந்த டப்பா, இந்தப் பஸ்.

பங்களா கேட்டில் இறங்கியதும் செல்வநாயகி மலைத்துவிட்டாள். கார், வேன், ஆட்டோ. மதில் ஓரம் தேங்காய்க் கடை, எலுமிச்சை மாலைக் கடை, சின்னச் சின்ன மரத்தொட்டில் தொங்கும் கடை. ஒரு பழைய வீட்டைப் பார்க்க எதற்குத் தேங்காய் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி டப்பாவைத் திறக்கச் சொன்னான். உள்ளே மண் பொம்மையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ஆத்தாவுக்கா? போங்க போங்க. ஆனா நேரா காட்டுக்குப் போவ முடியாதும்மா. வூடு, தோட்டம் எல்லாம் சுத்திக் காட்டிட்டுத்தான் கடைசியா அங்க கூட்டிக்கிட்டுப் போவாங்க. அதான் ரூல்ஸு."

வீட்டைச் சுற்றிக் காட்ட சண்முகப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். காவியா வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு அட்டை, வாயருகே சின்ன மைக், இடுப்பில் ஸ்பீக்கர். "எல்லாரும் கூட்டமா வாங்க, எதையும் தொடாதீங்க" என்று ஆரம்பித்தாள்.

வீடு என்றால் வீடுதான், இல்லை என்று சொல்லமுடியாது. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், அந்த வெளிச்சம் விழுந்து தரையெல்லாம் கலர். சுவர் நிறைய மீசைக்காரர்கள். இவர் முதல் மிட்டாதார், இவர் அவருடைய மகன், இவர் புலி சுட்டவர், இவர் பியானோ வாங்கியவர் என்று சண்முகப்ரியா ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு நாற்காலியைக் காட்டி, இதில் ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்தார் என்றாள். இந்த மாதிரி வீடுகளில் எல்லாம் துரை உட்கார்ந்த நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தத் துரைகள் வேறு வேலையே பார்க்கவில்லையோ என்னவோ.

"எங்க முதலாளி பிரபாகரன் சாரு மெட்ராஸ்ல இருக்காரு. கேஸ் முடிஞ்சதும் இத அப்படியே மாத்தாம எல்லாரும் பாக்கற மாதிரி வச்சிருக்காரு" என்றாள் சண்முகப்ரியா.

மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். செல்வநாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் இதுதான் கடைசி என்று நினைப்பாள், அந்தப் பக்கம் இன்னொரு கதவு திறக்கும். சாப்பாட்டு மேசை, பல்லக்கு, தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் நடந்த அறை, சமையல் கட்டில் அண்டா. கூட்டத்தை விட்டு நழுவப் பார்த்தாள். "அம்மா, பிரியாம வாங்க" என்று மைக் கூப்பிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் தோட்டம். வட்டமாகக் கட்டிய பாத்திகளில் ரோஜா, வரிசை வரிசையாகக் குரோட்டன்ஸ், நடுவில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று. நாகலிங்க மரத்தடியில் பூ கொட்டிக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டது. காவியா ஒரு சிமெண்ட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாடி செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. பசிதான். சீக்கிரம் உன் சாமியப் பாத்துட்டு வா, போவலாம்."

"தோ, வந்தாச்சிடா கண்ணு. இந்தக் காடுதான்."

தோட்டம் முடிந்து காடு தொடங்கியது. வாகை, நாவல், காரைப் புதர், மேலே வெளிச்சமே விழாத அளவுக்குக் கொடி பின்னிக் கிடந்தது. அந்தக் குளிர்ச்சி மேலே பட்டதும் செல்வநாயகிக்குப் பழைய வழி நினைவுக்கு வந்தது. வேகமாக நடந்தாள். பம்பைச் சத்தம் கேட்டது. திருப்பத்தில் கயிறு கட்டி வரிசை விட்டிருந்தார்கள், வரிசையில் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். இலுப்பை மரத்தின் தாழ்ந்த கிளையெல்லாம் மரத்தொட்டில் தொங்கியது. மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, டைல்ஸ் பதித்து மேடை கட்டியிருந்தார்கள்.

மேடையில் அவள் செய்த பொம்மை நின்றது.

சின்னதாகப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தார்கள். தலையில் தகரக் கிரீடம், கழுத்தில் எலுமிச்சை மாலை, நெற்றி கொள்ளாமல் குங்குமம். மஞ்சள் பூசிய பழைய கல் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கிரீடத்துக்குக் கீழே ரெட்டை ஜடை தெரிந்தது. மோவாயில் மச்சம்.

காவியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எம்மா. அது நான்தான?"

செல்வநாயகி வரிசையைத் தாண்டிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நேராக மேடைக்குப் போனாள். பூசாரி பழமலைநாதன் தட்டோடு நின்றிருந்தார். வெள்ளைத் தாடியும் கனிந்த முகமுமாக, பார்த்தால் சண்டை போடத் தோன்றாத மனிதர்.

"சாமி, இந்தப் பொம்ம என்னுது. தெரியாத்தனமா பீங்கான்ல செஞ்சி வச்சிட்டன். இத நான் எடுத்துக்கணும். தோ, மண்ணு பொம்ம கொண்டாந்துருக்கன். இத வச்சிடறன்."

பூசாரி கோபித்திருந்தால்கூடத் தேவலை. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உன் கையாலயா தாயி செஞ்ச?"

"ஆமாங்க. எம் பொண்ணு மூஞ்சி அது."

"எத்தினி பேரு எத்தினி பொம்ம வச்சாங்க. எல்லாம் கரஞ்சிது. இது மட்டும் கரையல. கேஸு நடந்து காடே பாழாக் கெடந்தப்ப, எறும்புப் புத்துக்குள்ள இந்த மொகம் மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சிது. ஆத்தா உன் கைய எடுத்துக்கிட்டு அவ மொகத்தச் செஞ்சிக்கிட்டா. நீ குடுத்து வச்சவ."

"ஐயோ சாமி, பீங்கான் கரையாதுங்க! சுட்டா எதுவுமே கரையாதுங்க! நாங்க கரண்ட்டு கம்பத்துக்கே அதுலதான் செய்யறோம்!"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ குலவை போட்டார்கள். பொம்மையைச் செய்தவளே வந்திருக்கிறாள் என்ற சேதி வரிசையின் கடைசிவரை ஓடியது. அவள் எதைச் சொன்னாலும் அது ஆத்தாவின் பெருமையாகவே போய் முடிந்தது. செல்வநாயகி மேடையில் கை வைத்தாள். பூசாரி அந்தக் கையை மெல்லப் பிடித்து விலக்கினார்.

"எடுக்க வுடமாட்டாங்க தாயி. நானே வுட்டாலும் ஜனம் வுடாது. இத நம்பி எத்தினி புள்ளைங்க வருது பாரு."

சண்முகப்ரியா ஓடிவந்தாள். "ஆன்ட்டி, ப்ளீஸ். பிரச்சன பண்ணாதீங்க. பங்களாவப் பாக்க யாருங்க வராங்க, எல்லாம் இந்த ஆத்தாவுக்காகத்தான் வராங்க. சாருக்கே ஒண்ணும் பண்ண முடியல."

செல்வநாயகிக்கு அழுகை வந்தது. ஊரே கும்பிடுகிறது, தேங்காய் உடைக்கிறது. அவள் பிள்ளையின் சீக்கு அந்தப் பட்டுப்பாவாடைக்குள் பத்திரமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வாள்? எந்தப் போலீஸில் போய்ச் சொல்வாள்? ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதா தன்னால் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஓடினால் எங்கே ஓடுவது, சுற்றிலும் ஆள்.

"எம்மா." பின்னாலிருந்து காவியாவின் குரல் வந்தது. "எம்மா, ரப்பர் வாட அடிக்குது."

ரப்பர் எரிகிற வாடை என்று காவியா சொன்னால் அடுத்தது இழுப்பு என்று செல்வநாயகிக்குத் தெரியும். டப்பாவைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். எட்டிப் பிடிப்பதற்குள் காவியா மேடைக்கு நேர் எதிரே சாய்ந்துவிட்டாள். கண் மேலே செருகியது. கை முறுக்கிக்கொண்டு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

எங்கிருந்தோ ஒரு பெண் வீறிட்டாள்.

"ஆத்தா எறங்கிட்டா! மொகத்தப் பாருங்கடி, அதே மொகம்! அதே மச்சம்!"

குலவை மரத்துக்கு மரம் எழும்பியது. பம்பைக்காரன் வேகத்தைக் கூட்டினான். செல்வநாயகி மகளை ஒருக்களித்துப் படுக்கவைக்கக் குனிந்தாள். நாலைந்து கைகள் அவளைப் பின்னுக்கு இழுத்தன. "தொடாத, தொடாத, ஆத்தா மேல கை வைக்காத!"

"ஆத்தா இல்லடி! ஃபிட்ஸுடி அது! வெலகுங்க! காத்து வுடுங்க!"

யாரும் விலகவில்லை. ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு தலையில் ஊற்றினாள். ஒருத்தி முறுக்கிய கைக்குள் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். இன்னொருத்தி வேப்பிலைக் கொத்தை வாயருகே கொண்டுபோனாள். செல்வநாயகி திமிறிக்கொண்டு போய் அந்தக் கையைக் கடித்தாள். அந்தப் பெண்ணோ வலியில் கத்தாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். கடித்தவளின் மேலும் ஏதோ இறங்கியிருக்கிறது என்று அவளுக்கு நினைப்பு.

"108க்குப் போடட்டுமா ஆன்ட்டி?" சண்முகப்ரியா போனை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வேணாம்மா, கொஞ்ச நேரத்துல தானா தெளிஞ்சிடும். இவங்கள மட்டும் வெலக்கு. உனக்குப் புண்ணியமாப் போவும்!"

சண்முகப்ரியா மைக்கில் கத்தினாள். "எல்லாரும் தள்ளிப் போங்க! அவங்களுக்கு வழி வுடுங்க!" ஸ்பீக்கர் சத்தம் கேட்டுத் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்துவிட்டார்கள். கூட்டம் இரண்டு மடங்காயிற்று. செல்போன்கள் தலைக்கு மேல் எழுந்தன. காலடியில் டிபன் டப்பா மிதிபட்டுத் திறந்து, உள்ளே இருந்த மண் ஈரத்தில் குழைந்து யார் யார் காலிலோ ஒட்டிக்கொண்டு போனது. செல்வநாயகி தரையில் உட்கார்ந்து, மகளின் தலையைத் தன் தொடைக்கு இழுத்து ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்து அழுதாள். இத்தனை வருஷத்தில் காவியா எங்கெல்லாமோ விழுந்திருக்கிறாள். ரோட்டில் போகிறவன் தண்ணீர் கொடுத்திருக்கிறான், டீக்கடைக்காரன் பெஞ்சை இழுத்துப் போட்டிருக்கிறான். இப்படிக் கைகட்டி வேடிக்கை பார்த்ததில்லை ஒருத்தரும். இப்படிக் கும்பிட்டதும் இல்லை.

இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. காவியா பெரிதாக மூச்சு விட்டாள். கண் திறந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவளைச் சுற்றி மடமடவென்று எல்லாரும் தரையில் விழுந்தார்கள்.

"ஆத்தா, வாக்கு சொல்லு தாயே!" என்றார் பூசாரி. அவர் கண்ணிலும் தண்ணீர். பொய்யில்லை, உண்மையாகவே அழுதார்.

காவியா உதட்டை அசைத்தாள். எல்லாரும் தலையைத் தூக்கினார்கள்.

"எம்மா... நான் வுழுந்துட்டனா?"

"இல்லடா கண்ணு. ஒண்ணும் இல்ல. படுத்துக்க."

"ஏன் எல்லாரும் கும்புடறாங்க?"

செல்வநாயகி முந்தானையால் மகளின் வாயைத் துடைத்து, முகத்தில் வழிந்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்தாள். காவியா மறுபடி கண்ணை மூடிக்கொண்டு தூங்கிப் போனாள். இழுத்து முடித்தால் அப்படித்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கற்பூரத் தட்டுப் பக்கம் நகர்ந்தது. பம்பை ஓய்ந்தது. சண்முகப்ரியா எங்கிருந்தோ ஒரு ஜூஸ் பாக்கெட்டு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தை அழைத்துவரப் போய்விட்டாள்.

ஒருத்தி மட்டும் போகவில்லை. சின்ன வயசுக்காரி, இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வந்து செல்வநாயகியின் காலில் நெற்றி படும்படி விழுந்தாள்.

"ஐயோ, எழுந்திரும்மா! நான் யாரு, என் கால்ல போயி வுழுவுற?"

"ஆத்தாவப் பெத்தவங்க நீங்க. எங்களுக்குக் கம்மாபுரங்க. இவ பேரு வெண்பா. இவளுக்கும் இதே மாதிரி இழுப்பு வருதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

குழந்தை தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தது. உருட்டிக்கொண்டே இருந்த கை சட்டென்று நின்றது. கண் ஒரே இடத்தில் நிலைகுத்தியது, இமை படபடவென்று அடித்தது, அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி பழத்தை உருட்டியது. பெற்றவள் கவனிக்கவில்லை. செல்வநாயகி கவனித்தாள். அதுவும் இழுப்புதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மாத்திர குடுக்கறியா?"

"ஆடி மாசத்தோட நிறுத்திட்டங்க."

"நிறுத்திட்டியா? யாரக் கேட்டு நிறுத்தின?"

"ஆத்தாகிட்ட வுட்டப்புறம் எதுக்குங்க? மாத்திரையும் குடுத்தா ஆத்தாவ நம்பலன்னு ஆயிடுமில்ல."

செல்வநாயகி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தாயி, நான் சொல்றதக் கேளு. அது ஆத்தா இல்ல. நான் பட்டறையில செஞ்ச பொம்ம. எம் பொண்ணுக்குச் சரியாவணும்னு செஞ்சி வச்சன், சரியாவல. இப்பகூட வந்துதே, நீயே பாத்தியே! அவள இத்தினி வருசம் காப்பாத்துனது மாத்திரதான். அவங்கப்பா ஒரு வேள வுட்டதில்ல. இன்னிக்கு நான் பட்டினி போட்டு வெயில்ல இழுத்துக்கிட்டு வந்தன், வுழுந்துட்டா. உன்னக் கெஞ்சிக் கேக்கறன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. போறியா? நானும் கூட வரன். பாண்டிச்சேரிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அவளிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவளே கேட்டிருக்கமாட்டாள். இப்போது அவள் வாயிலிருந்து அது வந்தது. அந்தப் பெண் கை கூப்பியபடியே ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துச் செல்வநாயகிக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

"புரிஞ்சிதுங்க" என்றாள் அந்தப் பெண். "மண்ணுல வச்சா கரஞ்சி போயிடும், ஆத்தா தங்கமாட்டா. எம் புள்ளைக்கும் உங்க கையாலயே பீங்கான்ல ஒண்ணு செஞ்சி குடுங்க." குழந்தையைத் தூக்கி முகத்தைச் செல்வநாயகியின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இந்தக் கன்னத்துல ஒரு தழும்பு இருக்குது பாருங்க, போன மாசம் இழுப்பு வந்து அடுப்பு மேல வுழுந்தா. அதையும் மறக்காம வச்சிடுங்க."